வாசகர் கேள்வி பதில்: தெருநாய்கள், தடுப்பூசி, ஆட்டுப்பட்டி

தெருநாய்கள் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துப் பெற்ற விடைகள் இவை.

எங்கள் வீதியில் பிடித்துச் செல்லப்பட்ட நாய்களைச் சில நாட்கள் கழித்து மாநகராட்சி வண்டி மீண்டும் அதே வீதியில் இறக்கிவிட்டுப் போகிறது. பிடிப்பதற்கும் திரும்ப விடுவதற்கும் எதற்காக வரிப்பணத்தைச் செலவிட வேண்டும்?
வாசகர், பீளமேடு, கோயம்புத்தூர்

உங்கள் கோபம் புரிகிறது. இரவில் வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வருபவரை நான்கு நாய்கள் துரத்தினால், அவருக்கு விதிமுறைகள் எதுவும் ஆறுதல் தராது. ஆனாலும், அந்த நாய்கள் உங்கள் வீதிக்கே திரும்ப வேண்டும் என்பதில்தான் இந்தக் கருத்தடைத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

ஒரு வீதியில் எத்தனை நாய்கள் வாழலாம் என்பதை அங்கே கிடைக்கும் உணவே தீர்மானிக்கிறது. இருக்கும் நாய்களை அப்புறப்படுத்திவிட்டுக் குப்பைத்தொட்டியையும் இறைச்சிக்கடைக் கழிவையும் அப்படியே விட்டுவைத்தால், அடுத்த வீதியில் இடம் போதாமல் அலையும் நாய்கள் சில வாரங்களில் அங்கே வந்து சேர்கின்றன. புதிதாக வருபவை தடுப்பூசி போடப்படாதவை, அந்த வீதி மக்களை அறியாதவை. எல்லையைப் பிடிப்பதற்காகத் தமக்குள் சண்டையிடுபவை. பெட்டை நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான், ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் பிறப்பது இயல்பு. எனவே காலியான இடம் ஓர் ஆண்டுக்குள்ளாகவே நிரம்பிவிடும். கருத்தடை செய்யப்பட்டு, வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்பட்ட நாய் திரும்பி வந்து தன் எல்லையில் படுத்திருந்தால், அது குட்டி போடாது, நோயைப் பரப்பாது, வெளி நாய்களையும் எளிதில் உள்ளே விடாது.

கொன்று பார்த்த வரலாறும் நம்மிடம் உண்டு. சென்னையில் மாநகராட்சி பல தலைமுறைகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. எண்ணிக்கை குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் நீண்டகாலம் வலியுறுத்தியதன் பிறகு, 1996இல்தான் அந்நகரம் கருத்தடை வழிக்கு மாறியது. ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கி, வரையறுத்த ஒரு பகுதியில் பெட்டை நாய்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் விடாமல் செய்தார்கள். எட்டு ஆண்டுகளில் அங்கே நாய்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. அப்பகுதியில் மனிதர்க்கு வரும் வெறிநோயும் இல்லாமற்போனது.

அப்படியானால் நம் ஊரில் ஏன் குறையவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். குறை திட்டத்தில் இல்லை, செய்யும் முறையில் இருக்கிறது என்பதே என் துணிபு. புகார் வந்த இடத்தில் இரண்டு நாய், மறுநாள் வேறு வார்டில் மூன்று நாய் என்று சிதறலாகப் பிடித்தால், கருத்தடை செய்யப்படாமல் எஞ்சிய நாய்கள் விட்ட இடத்தை நிரப்பிவிடுகின்றன. கோயம்புத்தூர் மாநகராட்சியில் 100 வார்டுகள் உள்ளன. உக்கடம், சீரநாயக்கன்பாளையம், ஒண்டிப்புதூர் ஆகிய இடங்களில் கருத்தடை மையங்கள் உண்டு. ஒரு வார்டை எடுத்துக்கொண்டு அதிலுள்ள நாய்களில் பத்துக்கு ஏழையாவது குறுகிய காலத்தில் முடித்துவிட்டு, பிறகே அடுத்த வார்டுக்குச் செல்வது ஒன்றுதான் பலன் தரும் வழி. உங்கள் வீதிக்குத் திரும்பிய நாயின் காது நுனி, கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடையாளம் இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணி, அந்தக் கணக்கோடு வார்டு உறுப்பினரிடம் செல்லுங்கள். நாயை எடுத்துப் போங்கள் என்று கேட்பதைவிட, இந்த வார்டை முழுமையாக முடியுங்கள் என்று கேட்பதற்கு வலிமை அதிகம்.

எங்கள் பட்டியில் நள்ளிரவில் நாய்கள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறிவிட்டன. நகரத்தில் இருப்பவர்கள் கருணை பேசலாம். வளர்த்த ஆடுகளைக் காலையில் குழியில் இறக்கும் எங்களுக்கு என்ன விடை சொல்வீர்கள்?
விவசாயி, காங்கேயம் வட்டம்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காங்கேயம், வெள்ளகோயில், தாராபுரம், சென்னிமலைப் பகுதிகளில் ஆட்டுப்பட்டிகள் மீது நடக்கும் தாக்குதல்கள் கற்பனை அல்ல. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் போராட நேர்ந்ததும் உண்மை. கருணை என்ற சொல்லுக்குள் உங்கள் ஆடுகளும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அது பாதிக் கருணைதான்.

முதலில் உடனே செய்ய வேண்டியவை. இறந்த ஆடுகளை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவரை வரவழைத்து உடற்கூறாய்வு செய்து சான்று பெறுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு இழப்பீடு வழங்கத் தமிழக அரசு 2025இல் முடிவெடுத்திருக்கிறது. சான்று இல்லாமல் போனால் அந்த உரிமையும் போய்விடும். கடிபட்டுப் பிழைத்த ஆடுகளின் காயங்களைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஆடுமாடுகளுக்கும் வெறிநோய் வரும் என்பதால், கடிபட்ட பிறகு போடும் தடுப்பூசி அவற்றுக்கும் உண்டு. மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் போட்டுவிடுங்கள். கடிபட்ட ஆட்டை அறுத்துக் கறிக்கு விற்பது, அறுப்பவருக்கே ஆபத்தாக முடியலாம்.

அடுத்தது பட்டி. நம் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளின் கிளுவை வேலி மாடு தாண்டாமல் தடுக்கும்; அடிப்பகுதியில் விழுந்த சந்து வழியே நாய் நுழைவதைத் தடுக்காது. இரவில் ஆடுகளை அடைக்கும் பகுதிக்கு மட்டுமாவது ஆளுயரக் கம்பிவலை அடித்து, வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும் அல்லது வெளிப்பக்கமாக மடக்கிக் கல் பரப்ப வேண்டும், ஏனெனில் நாய் மண்ணைத் தோண்டிக்கொண்டுதான் உள்ளே வரும். செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. முழுக் காட்டுக்கும் வலை அடிப்பது யாராலும் இயலாது. ஆனால் பெரும்பாலான தாக்குதல் அடைத்து வைத்த ஆடுகள் மீது இரவில் நடப்பதால், பட்டியை மட்டும் காத்தாலே பெரும் இழப்பைத் தவிர்க்கலாம்.

இப்போது வேருக்கு வருவோம். உங்கள் ஆடுகளைக் கொன்ற நாய்கள் பசியால் மட்டும் வந்தவை அல்ல. இறைச்சிச் சுவை பழகிக் கூட்டமாக வேட்டையாடக் கற்றுக்கொண்டவை அவை. அந்தப் பழக்கத்தை ஊட்டியவர்கள் யார்? பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழித் தொழில் பரவிக் கிடக்கிறது. ஊருக்கு ஊர் கோழிக்கடைகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை இரவில் இறகும் குடலும் நிரம்பிய மூட்டைகள் சாலையோரப் பள்ளத்திலும் வாய்க்கால் கரையிலும் வீசப்படுகின்றன. பண்ணையில் செத்த கோழிகளைக் குழி வெட்டி மூடாமல் வேலியோரம் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த விருந்து தொடரும்வரை, எத்தனை நாய்களைப் பிடித்தாலும் அத்தனை நாய்கள் மீண்டும் வந்துசேரும். கோழிக்கடை உரிமம் கொடுக்கும் உள்ளாட்சி, அந்தக் கடையின் கழிவு எங்கே போகிறது என்பதற்குக் கணக்குக் கேட்க வேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் இந்த ஒரு தீர்மானத்தையாவது விவசாயிகள் சேர்ந்து நிறைவேற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, நம்மவர்களுக்குக் கசப்பாக இருக்கலாம். தோட்டத்துக்குக் காவலாக வளர்க்கும் நாய்களில் பல இரவில் அவிழ்த்துவிடப்படுகின்றன. அவற்றுக்குப் பெயர் உண்டு, எசமானர் உண்டு, கருத்தடையும் தடுப்பூசியும் மட்டும் இல்லை. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர்க் குளக்கரையில் விட்டுவருவதும் நடக்கிறது. ஆறு மாதங்களில் அவையே தெருநாய் ஆகிவிடுகின்றன. தெருநாய்க்கான கருத்தடையைப் பேசும் ஒவ்வொரு ஊராட்சியும் தோட்டத்து நாயிலிருந்து தொடங்குவது நல்லது. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகி, தடுப்பூசி முகாம்களுக்கு வழி கேட்கலாம்.

விஷம் வைப்பது பற்றியும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். விஷம் கலந்த கறியை நாய் மட்டும் தின்னாது. மயிலும் கீரியும் உங்கள் காவல் நாயும் தின்னும். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவின்படி அது ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். இழப்பைச் சுமந்த நீங்களே குற்றவாளியாக நிற்கும் நிலை வரக்கூடாது.

என் ஏழு வயது மகளின் காலில் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியின் பல் பட்டுச் சிறு கீறல் விழுந்தது. இரத்தம் வரவில்லை. சுண்ணாம்பு தடவினால் போதும் என்கிறார் மாமியார். குட்டிதானே, ஊசி தேவையா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

தேவை. இந்தக் கடிதம் அச்சேறும்வரை காத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லும்படி உங்களுக்குத் தனியே தெரிவித்துவிட்டோம்.

வெறிநோய் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. அறிகுறிகள் தொடங்குமுன் முறையாக ஊசி போட்டுவிட்டால் ஏறக்குறைய எல்லாரையும் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு கூர்மையான வேறுபாடு கொண்ட நோய் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. அதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம், சில வேளை ஒரு வாரத்திலும் எட்டலாம். முகத்திலும் கையிலும் கடிபட்டால் இந்தத் தொலைவு குறைவு. குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் முகத்தருகே வருவதால் அவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்குவதோடு, மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தையும் தள்ளிப்போடும். இரத்தம் கசியாத கீறலுக்குத் தடுப்பூசி போதும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே உள்ள புண்ணில் நாய் நக்கினாலோ, தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் என நான்கு தவணைகள். மூன்றாவது தவணையோடு நிறுத்திவிடுபவர்கள் மிகுதி, நான்காவதையும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு ஊசி என்றதும் அச்சம் வருவதற்கும் காரணம் உண்டு. அவர் தலைமுறையில் வயிற்றில் பல நாட்கள் தொடர்ந்து ஊசி போட வேண்டியிருந்தது. நமக்கு மேலே மலையில், குன்னூரில் 1907இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம்தான் தென்னிந்தியாவுக்கு அந்த மருந்தை நெடுங்காலம் தயாரித்து அளித்தது. எத்தனையோ உயிர்களை அது காத்தது. இப்போது போடப்படுவது திசு வளர்ப்பு முறையில் செய்யப்படும் ஊசி, தோள்பட்டையில் போடுவது, வலியும் குறைவு. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், மகளை அழைத்துச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

குட்டி என்பதால் நோய் இல்லை என்று எண்ண இடமில்லை. அந்தக் குட்டியைக் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனிக்குமாறு பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அது நலமாக இருந்தாலும் தொடங்கிய ஊசியை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

பனியன் கம்பெனியில் வேலை முடிந்து இரவில் வரும்போது எங்கள் சந்தில் உள்ள நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். இதனால் அக்கம்பக்கத்தார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உணவளிப்பது குற்றமா?
வாசகி, திருப்பூர்

உணவளிப்பது குற்றம் இல்லை. எங்கே, எப்போது என்பதற்குத்தான் வரையறை உண்டு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், வாசற்படி, மாடிப்படி ஆகியவற்றிலிருந்து விலகி, முதியவர்களும் குழந்தைகளும் நடமாடாத நேரத்தில் உணவு வைக்கச் சொல்கின்றன. இடம் குறித்துத் தகராறு வந்தால் தீர்ப்பதற்கு, காவல்துறையையும் கால்நடை அலுவலரையும் புகார் செய்தவரையும் உள்ளடக்கிய குழுவுக்கும் அந்த விதிகளில் இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று இன்னும் ஒரு படி மேலே சென்று, வார்டுதோறும் உணவளிக்கும் இடத்தை உள்ளாட்சி குறித்துக் கொடுக்க வேண்டும், மற்ற தெருக்களில் உணவளிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. எனவே, மாநகராட்சியிடம் அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது இப்போது உங்கள் உரிமையும் கடமையும் ஆகும்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல விரும்புகிறேன், அம்மா. பிடிக்க வரும் வண்டியைக் கண்டதும் ஓடிவிடும் நாய் உங்கள் கைக்கு வரும். அந்த நம்பிக்கையைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பயன்படுத்துங்கள். சந்தில் உள்ள எல்லா நாய்களுக்கும் காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது, ஊசியும் போடப்பட்டிருக்கிறது என்று நீங்கள் காட்டும் நாளில், அக்கம்பக்கத்தாரில் பாதிப் பேராவது உங்களிடம் மீண்டும் பேசுவார்கள் என்று நம்புகிறேன். உணவளித்துக் கருத்தடையை மறந்துவிடுவது, அடுத்த ஆண்டு பிறந்து வண்டிச் சக்கரத்தில் அடிபடும் குட்டிகளுக்கு நாம் செய்யும் தீங்காக முடிகிறது. சோறு வைத்த இடத்தை அன்றன்றே சுத்தம் செய்துவிடுங்கள். சண்டைகளில் பெரும்பகுதி எச்சில் இலையில்தான் தொடங்குகிறது.

பெட்டை நாய் ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டும் என்கிறார்களே?
வாசகர், பொள்ளாச்சி

அப்படி ஒரு தேவை இல்லை. ஆறு மாதம் கடந்த நாய்க்குச் செய்யலாம். முதல் சூட்டுக்கு, அதாவது முதன்முறை இணைசேரும் பருவத்துக்கு, முன் செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பும் பெரிதும் குறைகிறது.

பேருந்து நிலையம், பள்ளி, மருத்துவமனையில் இருக்கும் நாய்களைத் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகப் படித்தேன். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
வாசகர், கரூர்

இரண்டும் சரி. 2025 ஆகஸ்டு 11 அன்று டெல்லிப் பகுதி நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் தாக்கியவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. நாடு முழுவதையும் வழக்கில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகத்துக்குள் இருக்கும் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கவும், அங்கே திரும்ப விடாமலிருக்கவும் உத்தரவிட்டது. ஆகவே, வீதிக்கு ஒரு நெறி, இத்தகைய வளாகங்களுக்கு இன்னொரு நெறி.

காப்பகம் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. இடமும் நீரும் மருத்துவரும் போதாத கொட்டகையில் அறிமுகமில்லாத நாய்களை நெருக்கி அடைத்தால் சண்டையும் தொற்றும் அவற்றை வதைக்கும். உங்கள் மாநகராட்சி காப்பகம் கட்டுவதாக இருந்தால், அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று கேளுங்கள். வளாகத்தின் சுற்றுச்சுவர் இடைவெளிகளை அடைப்பதும், உணவுக்கடைக் கழிவை மூடிய தொட்டியில் வைப்பதும் காப்பகத்தைவிட மலிவான வேலைகள். அவற்றைச் செய்யாமல் நாயை மட்டும் அகற்றினால், சில நாட்களில் வேறு நாய் வந்து படுத்திருக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் நகராட்சியோடு சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?
வாசகர்கள், பெருந்துறை

எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். விடியற்காலையில் நாய்கள் ஓரிடத்தில் இருக்கும்; இரண்டு மூன்று பேர் வீதி வீதியாகச் சென்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, ஆணா பெட்டையா, காதில் அடையாளம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு நகராட்சி ஆணையரைப் பாருங்கள். கருத்தடை செய்ய வரும் அமைப்பு, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரச் சான்று பெற்றதா என்று கேளுங்கள். பிடிப்பவர்கள் வலையோடு வருகிறார்களா, கழுத்தை நெரிக்கும் சுருக்குக் கம்பியோடு வருகிறார்களா என்று உடன் நின்று பாருங்கள். கம்பியில் ஒருமுறை சிக்கிய நாய் பிறகு மனிதனைக் கண்டாலே கடிக்கப் பார்க்கும். பால் கொடுக்கும் தாயைப் பிடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு நாயும் எந்த வீதியில் பிடிக்கப்பட்டது என்பதைக் கூண்டிலேயே எழுதி ஒட்டச் செய்யுங்கள். வீதி மாறி விடப்பட்ட நாய்தான் அதிகம் சண்டையிடும். களத்தில் நிற்கப்போகும் தன்னார்வலர்கள் தாங்களும் கடிபடுமுன்னே போடும் முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது.

பணமும் ஆட்களும் குறைவாக இருந்தால் பெட்டை நாய்களை முதலில் முடியுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆடிக்குப் பிறகு இணைசேரும் பருவம் தொடங்கி, ஐப்பசி முதல் தை வரை குட்டிகள் பிறக்கின்றன. ஆகவே சித்திரையில் எண்ணிக்கையை முடித்து, வைகாசி, ஆனி மாதங்களில் அறுவைக்கு நாள் வாங்கிவிட்டால், அந்த ஆண்டிலேயே வேறுபாட்டைப் பார்க்கலாம். இதற்கு நிதி கேட்டு நகராட்சியிடம் மனு கொடுக்க, அதற்கு முந்தைய மாசி மாதமே சரியான காலம், ஏனெனில் புதிய ஆண்டுக்கான நிதி ஒதுக்கீடு அப்போதுதான் பேசப்படுகிறது.